தனமக்காவின் ஏழு நாட்கள்

இந்த ஓகஸ்ட் விடுமுறையில், லிந்துலைக்கு மேலே நாங்கள் நடத்தும் பெண்பிள்ளைகள் முகாமின் நான்காம் நாள். பிள்ளைகள் எங்களைப் போல நடித்துக் காட்டும் பின்னேரம் அது. ஒவ்வொரு வருடமும் நடக்கும். யோகிதா இடுப்பில் கையை ஊன்றி, ஒரு காலைச் சற்று இழுத்து நடந்து, எங்களோடு முகாமை நடத்திவந்த, இந்த வருடம் நோயால் வரமுடியாமல் போன தனமக்காவாக வந்து நின்றாள். மண்டபமே சிரித்தது. அந்த நேரத்தில்தான் தனமக்காவின் மகள் கலாவின் அழைப்பு வந்தது.

"அம்மா போயிட்டாங்க டீச்சர். நாளைக்கு மூணு மணிக்கு எடுக்குறோம்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். யோகிதா தனமக்காவின் குரலில் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தாள்.

தனலெட்சுமி என்பது அவர் பெயர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த எனக்கு முகாம் நடத்தும் ஆசை மட்டுந்தான் இருந்தது. தாய்மார் பிள்ளைகளை அனுப்பியது அவரை நம்பி. முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையும் அந்த வாரத்துக்கென்று ஒரு புதுப்பெயர் வைத்துக்கொள்வாள்: டொக்டர், மயில், பைலட். தனமக்கா எல்லா வருடமும் "துரைசாணி" என்றே வைத்துக்கொண்டார். தோட்டத்துரையின் மனைவியை அப்படித்தான் அழைப்பார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

முதல் வருடம் நான் போட்ட நேர அட்டவணையில் கூட்டுவது, தண்ணீர் எடுப்பது, சமையலுக்கு உதவுவது எல்லாம் இருந்தன. "பிள்ளையளுக்குப் பொறுப்பு வரவேணும் எல்லோ" என்றேன். அவர் தாளை மடித்து என்னிடமே தந்தார்.

"இதெல்லாம் வீட்ல செய்யாமலா இருக்காங்க? ஏழு நாளு உக்காந்து சாப்பிடட்டும் டீச்சர்."

மறுநாள் விடியற்காலையில், பழக்கத்தால் எழுந்துவிட்ட பிள்ளைகள், செய்ய ஒரு வேலையும் இல்லாமல் பாய்களுக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் ஒவ்வொருத்தியையும் திரும்பப் படுக்கவைத்து, பாய்க்கே தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றிலிருந்து அது முகாமின் வழக்கமாயிற்று.

மூன்றாம் வருடம் தனுஜா என்ற பிள்ளையைத் தகப்பன் வார நடுவில் வந்து கூட்டிப் போனார். தாய் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறாள், வீட்டில் சின்னதுகளைப் பார்க்க ஆளில்லை என்றார். தனமக்கா றோட்டு வரைக்கும் அவரோடு பேசிக்கொண்டே நடந்தார். அந்த மனிதர் கோபப்படவில்லை, அழுதார். தனமக்கா மழையில் நனைந்து தனியாகத் திரும்பி வந்தார். "கெட்ட மனுசனா இருந்தா சண்ட போட்டிருப்பேன்" என்றார். தனுஜா அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை.

மார்பில் இருந்த கட்டியை அவர் ஒரு வருடம் யாருக்கும் சொல்லவில்லை. காட்டியபோது நோய் ஈரல் வரை போயிருந்தது. ஜூலையில் றொசல்லவிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கலா கட்டிலுக்கே தேநீர் கொண்டுவந்தாள். அவர் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை.

"படுத்துக்கிட்டு டீ குடிக்க வெக்கமா இருக்கு டீச்சர்."

நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

அவரை எடுத்த அன்று நான் போகவில்லை. இரண்டு பெண்கள் எந்நேரமும் கூடவே இருப்பார்கள் என்று தாய்மாருக்கு வாக்குக் கொடுத்து வைத்தவர் அவர்தான். என்னோடு இருந்தது ஒரே ஒரு புது ஆசிரியை. மூன்று மணிக்குப் பிள்ளைகள் தூறலில் கயிறு இழுத்தார்கள். நான் நடுவராக நின்று விசில் ஊதினேன். எந்தப் பக்கம் வென்றது என்று நினைவில்லை.

கடைசி நாள், பெற்றோர் வருவதற்கு முன்னர், பிள்ளைகளிடம் சொன்னேன். யோகிதாதான் கேட்டாள்: "நாங்க சிரிச்சப்பவே அவங்க இல்லையா டீச்சர்?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஓம்" என்றேன். அவள் தன் பையின் மேல் உட்கார்ந்தாள். தாய் வந்து கூப்பிடும்வரை எழும்பவில்லை.

இதை வாசிக்கிற, அவரை அறிந்த உங்கள் எல்லாரிடமும் அவருடைய அதட்டலும் நடையும் இருக்கும். என்னிடம் இருப்பது வேறு. ஜூலையில் அந்தக் கட்டிலில் படுத்தபடி, இதுவரை முகாமுக்குப் பிள்ளை அனுப்பாத வீடுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த வீட்டில் தாயிடம் கேட்கவேண்டும், எந்த வீட்டில் அப்பாயியிடம், எங்கே சம்பள நாளில் போகவே கூடாது என்றெல்லாம். முதலில் சொன்னது தனுஜாவின் வீட்டை. அவளுடைய தங்கைக்கு வருகிற வருடம் பன்னிரண்டு வயது, முகாமில் சேர்க்கும் வயது.

"அவங்கப்பா அழுவாரு. நீங்க பேசிக்கிட்டே இருங்க" என்றார்.

என்ன பேசுவதென்று அவர் சொல்லவில்லை. நான் கொப்பியில் முதலாவதாக அந்த வீட்டை எழுதிக்கொண்டேன்.