இன்னொருக்கா அழுங்கோ

அண்ணா, உன்னுடைய பல்கலைக்கழக ஆட்கள் ஆண்டு விழா வைத்தார்கள். அம்மாவும் நானும் போனோம். வீட்டுக்கு வந்து நான் வாந்தி எடுத்தேன்.

மொழி, பண்பாட்டு ஆய்வு மையம் என்று இப்போது அவர்களுக்குப் பெரிய பலகை. தொடக்கத்தில் அது நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் ஒரு வாடகை வீடு. எங்கள் சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுபோன உன்னைக் கதிரையில் இருத்தி, காற்றின் பெயர், வலையின் பெயர் எல்லாம் கேட்டுப் பதிந்தார்கள்.

"என்ர கதையும் பல்கலைக்கழகத்தில இருக்கடி" என்று நீ எனக்குப் பெருமையடித்தாய்.

நீ கடலில் மூழ்கி, உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றும் அவர்கள் வந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் என்றுதான் நினைத்தேன். அம்மா உன் தலைமாட்டில் இருந்து ஒப்பாரி வைக்க, மைக்கை அவருடைய வாய்க்குக் கிட்டப் பிடித்தார்கள். ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது.

"அம்மா, பதிவில சத்தம் விழுந்திட்டுது. அந்த அடியை இன்னொருக்கா அழுங்கோ."

அம்மா தன் நினைவில் இல்லை. சொன்னபடி அழுதார்.

விழாவில் ஒரு விரிவுரையாளர் சேர் மையத்தின் வரலாற்றை வாசித்தார். வாடகை வீடு, சொந்தக் கட்டடம், பிறகு மாடி, ஏசி. உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு ஸ்பீக்கரைப் போட்டார்கள். அம்மாவின் குரல். உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிறது. சனம் கட்லட் தின்றுகொண்டு தலையாட்டியது. எண்ணெய்க் கையாலேயே கை தட்டினார்கள்.

சேர் எங்களிடம் வந்தார். "அம்மா, நேரில ரெண்டு அடி பாடுங்கோவன். எல்லாரும் ஆசைப்படுகினம்."

பிரேதம் இல்லாத இடத்தில் எங்கள் பெண்கள் ஒப்பாரி வைப்பதில்லை. வைத்தால் இன்னொரு சாவு வரும் என்பார்கள்.

"பாடுறதோ? பிரேதம் எங்க, தம்பி?" என்று அம்மா கேட்டார்.

சேர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

"சேர், அது என்ர அண்ணன்ர செத்த வீடு. அதை அழிச்சு விடுங்கோ" என்றேன்.

"அழிக்க ஏலாது, தங்கச்சி. அது இப்ப மையத்தின்ர சொத்து. நீங்கள் கட்லட் எடுங்கோ."

"நீங்களே தின்னுங்கோ!"

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அம்மாவால் உனக்காக அழ முடியவில்லை, அண்ணா. வாயைத் திறந்தால் அந்தக் கைதட்டல்தான் கேட்கிறதாம். அடுத்த மாதம் உன் ஆட்டத்திவசம், நீ போய் ஒரு வருசம். அன்றைக்கும் அவரால் அழ முடியாது.

அதனால் இதை வாசிக்கிற எல்லாரிடமும் கேட்கிறேன். கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ, நீங்கள் போகிற இடத்தில் என் அண்ணனுக்காக ஒருமுறை வேண்டிக்கொள்ளுங்கள். சத்தமாக வேண்டாம். மனதுக்குள் சொன்னால் போதும்.