பூசுதல் பெற்ற பாதம்

நோயுற்றவரின் கண், காது, கை, பாதங்களில் குருவானவர் பரிசுத்த எண்ணெய் பூசுவது அவஸ்தைப்பூசுதல். ஆத்துமத்துக்கு நன்மையானால் அதனால் சரீர சுகமும் கிடைக்கும் என்பதே ஞானோபதேசம். சுகம் பெற்றவர் நடக்கக் கூடாது என்று விதி ஏதும் இல்லை. நான் விதிகளோடே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் மட்டும் வேறு விதி இருந்தது: பூசுதல் பெற்ற பாதம் மறுபடி தரையில் படக் கூடாது.

என் அண்ணன் ஆத்தூரில் பிறந்தவர். தகப்பனார் சீக்கிரமே மறைந்ததால் படிப்பை நிறுத்தி, ஜவ்வரிசி ஆலையில் சேர்ந்து மேஸ்திரியாக உயர்ந்தார். என்னைப் படிக்க வைத்தவர் அவரே. கோபம் அறியாதவர். அந்தக் குறையைத் தகப்பனாரின் தமக்கையான அத்தை நிறைவு செய்துவந்தார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த வாரம், அண்ணன் ஆலையிலேயே சரிந்தார். இடப்பக்கம் முழுதும் செயலிழந்திருந்தது. சேலத்தில் மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பூசுதல் ஆயிற்று. உறவினர் கூடி, மரிப்பவர்களுக்கான மன்றாட்டைத் தொடங்கினர். இரண்டொரு நாளில் கண் விழித்த அண்ணன், குழறலாகக் கேட்டார்:

"இன்னும் எத்தனை நேரம்டா ஜெபிப்பீங்க? நான் போகலைன்னா கோவிச்சுக்குவீங்களா?"

கிடந்தபடியே விட்டால் மூட்டுகள் இறுகிப்போகும், பிறகு காலை மீட்க முடியாது என்று அங்கிருந்த கன்னியாஸ்திரி எச்சரித்தார். தினமும் கைகால்களை மடக்கி நீட்டினார், உட்கார வைத்தார். நிற்க வைக்க வந்த அன்று அத்தை கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"எண்ணெய் பூசின காலும்மா. தரையில பட்டா குடும்பத்துக்கு ஆகாது. படுத்தே இருக்கட்டும்."

பங்குச் சாமியார் வந்து, அப்படியொரு விதியே இல்லை என்றார்.

"இவரு நேத்து வந்த சின்னச் சாமியாரு. பிஷப்பாண்டவரு எழுதித் தரட்டும்" என்றார் அத்தை.

அன்றே உரிய வழியாக மேலிடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். உரிய வழி எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். கால் அதுவரை காத்திருக்காது என்று அண்ணிக்குத் தெரியும்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண் அவர். மறுநாள் அண்ணனின் தோல் செருப்பை இரு பாதங்களிலும் மாட்டி, துணியால் இறுகக் கட்டி, கன்னியாஸ்திரியும் தாமுமாகத் தூக்கி நிறுத்தினார்.

"ஏனுங்க அத்தை, காலு எங்கீங்க தரையில படுது? செருப்புலதானுங்களே படுது!"

அத்தை குனிந்து நன்றாகப் பார்த்தார். "கட்டு அவுந்துச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்."

அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. "சட்டுனு முடிவு பண்ணுங்க, விழப்போறேன்" என்றார்.

விழவில்லை. ஆனால் அடுத்து வந்த மாதங்கள் கொடியவை. வலி பொறுக்காமல் அவர் அழுததை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம். இடக்கை முழுதாகத் திரும்பவில்லை, கால் திரும்பியது. ஊன்றுகோலுடன் ஆலைக்கும் திரும்பினார். சென்ற தவக்காலத்தில் நோய் மறுமுறை கண்டு எங்களைப் பிரியும்வரை, ஞாயிறு பூசைக்குத் தம் காலிலேயே போய்வந்தார்.

அந்தக் கன்னியாஸ்திரிக்கும், தினம் வந்து தோள் கொடுத்த ஆலைத் தோழர்களுக்கும், அடக்கத்துக்கு வந்திருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணிக்கு நன்றி சொல்ல எங்களுக்கு வார்த்தை போதாது. அண்ணன் நடை பழகியபோதெல்லாம் திட்டிக்கொண்டே பின்னால் காவலாக நடந்த அத்தைக்கும் நன்றி.

மேலிடத்துக்கும் நன்றி. பாதம் தரையில் படலாம் என்ற அவர்களது பதிலை, வாசலுக்கு நடந்துபோய்த் தபால்காரரிடம் கையெழுத்திட்டு வாங்கியவர் அண்ணன். அன்று ஜூன் பதின்மூன்றாம் தேதி, அந்தோணியார் திருநாள்.