வைன் ஜாடியும் என் படங்கும்

இனக் கலவரத்துக்குப் பிறகு டவுன் சாராயத் தவறணைக்குப் போகப் பயந்த என் கணவர், எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் குடியிருந்த காம்பராவிலேயே அன்னாசி வைன் போட ஆரம்பித்தார். வாடை சுவரைத் தாண்டும். "ச்சீ, குடிகார வீடு!" என்று பக்கத்துக் காம்பரா முத்தையா மூக்கைப் பொத்துவார். தீபாவளிக்கு மட்டும் டம்ளரோடு வந்துவிடுவார்.

ஒரு வருஷம், மழையில் கொழுந்தெடுத்துத் திரும்பிய நான், இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து வைன் ஜாடியின் மேல் போட்டுவிட்டேன். ஜாடி வாயில் கட்டிய துணி நெகிழ்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

தீபாவளியன்று முத்தையா இரண்டு டம்ளர் குடித்தார். "தேன் மாதிரி இருக்குங்க அண்ணே!" என்றார். என் கணவர் மூன்றாவது டம்ளரை ஊற்றும்போது, படங்கிலிருந்து ஜாடிக்குள் போயிருந்த, என் ரத்தம் குடித்து ஊதிய அட்டைகள் மூன்று வைனோடு விழுந்தன. நான் வெளியே ஓடி வாந்தியெடுத்தேன்.

திரும்பி வந்தால், முத்தையா டம்ளருக்குள் விரலை விட்டு அட்டைகளை எடுத்து வாசலில் வீசிக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் போயி கொட்டிறாதீங்க அக்கா. மேல கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க."

இப்போதெல்லாம் படங்கை வெளிச்சுவர் ஆணியில்தான் மாட்டுகிறேன். முத்தையா வீட்டில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.