உபதேசியார் லோரன்ஸ் அறிந்த கொழும்பு

2003ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 25ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. அதிகாலையில் தெஹியோவிட்ட மலைகளில் மூடுபனி. எட்டு மணிக்குப் பிறகு மண்டையைப் பிளக்கும் வெயில். இறப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் பருவம் அது. பால்வெட்டு நின்றிருந்தது. ஆகவே தோட்டத்து மக்கள் நாற்பத்து மூவர் ஒரு பேருந்தை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, கொழும்புத் தேவாலயங்களைத் தரிசிக்கவும் அப்படியே ஊரைச் சுற்றிப் பார்க்கவும் புறப்பட்டனர். முன் இருக்கையில், கையில் ஓர் எலுமிச்சம்பழத்துடன், தோட்டத்துச் சிற்றாலயத்தின் உபதேசியார் லோரன்ஸ் வீற்றிருந்தார்.

அந்த இருக்கை அவருக்கே உரியது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் பண்டிகைக்கு வந்து அந்நகரைப் பற்றி ஏதேதோ சொல்வார்கள். லோரன்ஸ் அவற்றைப் புன்னகையோடு தள்ளுபடி செய்துவிடுவார். மரண வீடாயினும் மணவீடாயினும், “நான் கொழும்புக்குப் போயிருந்தப்ப...” என்று அவர் தொண்டையைச் செருமினால் போதும், பேச்சு அடங்கிவிடும், தேநீர் அவருக்கே முதலில் வரும். ஜெபத்துக்குக் கூடாத கூட்டம் அந்தக் கதைக்குக் கூடிற்று.

உண்மை ஒன்று இருந்தது. லோரன்ஸ் அவிசாவளையைத் தாண்டியதே இல்லை. பேருந்து ஏறினால் அவருடைய வயிறு அவர் சொற்படி நடவாது. மாதம் ஒருமுறை வெள்ளை வேட்டி உடுத்திக் கொழும்புக்கென்று புறப்படுவார், அவிசாவளை வந்ததும் வயிறு கட்டளையிடும், இறங்கிவிடுவார். மாலைவரை அங்கேயே பேருந்து நிலையத்து வாங்கில் அமர்ந்திருந்துவிட்டு, அரை இறாத்தல் ‘கொழும்பு மஸ்கட்’ இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். இப்படி இருபத்திரண்டு ஆண்டுகள். அவருடைய மனைவி தெரேசம்மா மஸ்கட்டைப் பங்கிட்டுவிட்டு, வெற்றுப் பெட்டிகளில் ஊசியும் நூலும் போட்டு வைத்தார்.

கொழும்பைப் பற்றிய அறிவு அவருக்கு வேறு வழியில் வந்தது. தோட்டத்து லொறியில் இறப்பர் ஏற்றிச் சென்ற சாரதி இராமசாமி உயிரோடிருந்த காலத்தில், வெற்றிலை வாங்கிக் கொடுத்துக் கொடுத்து அவரிடமிருந்து அந்நகரைத் துண்டு துண்டாகப் பெற்றுக்கொண்டார். இராமசாமி காலமானார், சாட்சியும் ஒழிந்தது. இன்று லோரன்ஸ் எவரிடமாவது ஒரு தடவை வழி கேட்டால் போதும், இருபத்திரண்டு ஆண்டுப் பெயர் ஒரு நொடியில் போய்விடும். அதனாலேயே, வழியை நன்கு அறிந்திருந்த பேருந்துச் சாரதியிடம், “நான் சொல்ற பக்கம் திருப்புங்க, போதும்” என்று முதல் மைலிலேயே ஆணையிட்டிருந்தார். சாரதி சிரித்துக்கொண்டு, தமக்குத் தெரிந்த பக்கமே திருப்பினார்.

ஹங்வெல்லைக்கு அருகில் லோரன்ஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். நெடுநேரம் நீட்டியபடியே இருந்தார்.

“பாருங்கடி, மனுசன் எப்புடிக் குனிஞ்சு வழி பாக்குறாருன்னு” என்று வியந்தார் பின்னிருக்கையில் இருந்த மருதாயி. அவர் மாரியம்மனைக் கும்பிடுபவர். ஆனால் கொழும்பில் கொச்சிக்கடைக் கோயில் அந்தோனியாருக்கு ஒரு கட்டு மெழுகுதிரி நேர்ந்திருந்தார்.

“ஆமா, நல்லாத்தான் பாக்குறாரு” என்ற தெரேசம்மா, தண்ணீர்ப் போத்தலைக் கணவரிடம் நீட்டினார்.

கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்தின் முன் இறங்கியதும் லோரன்ஸின் வாய் தானாகத் திறந்துகொண்டது. அத்தனை பெரிய கட்டடம் உலகில் உண்டென்று இராமசாமி அவரிடம் சொல்லவே இல்லை.

“உபதேசியாரே, கோபுரம் பூராத் தங்கமுன்னு சொன்னீங்களே? சாம்பலாவுல்ல இருக்கு?”

“கடல் காத்து, மருதாயி. வெளுத்துப்போச்சு.”

“இந்த வருசத்துக்குள்ளயா? போன கிறிஸ்மஸுக்குக்கூட மின்னுச்சுன்னீங்க!”

“மெல்லப் பேசுங்க, ஆண்டவர் சந்நிதி” என்றார் லோரன்ஸ். ஆண்டவர் சந்நிதி சில வேளைகளில் பேருதவி.

கொச்சிக்கடைக்கு நடந்தே போகலாம் என்று அறிவித்தவரும் அவரே. பேருந்தில் மறுபடியும் ஏறுவதற்கு அவருடைய வயிறு இணங்கவில்லை என்பதை அவர் அறிவிக்கவில்லை. “பெரிய கோயிலத் தாண்டி எறங்கு, ஸ்டோர் வரும், அதுக்குப் பக்கந்தான் அந்தோனியார்” என்று இராமசாமி சொன்னது நினைவிலிருந்தது. இராமசாமிக்குக் கொழும்பு என்பது ஓர் இறப்பர்க் களஞ்சியமும் அதைச் சுற்றியிருந்த சில்லறைக் கட்டடங்களுமே என்பதை லோரன்ஸ் எண்ணிப் பார்க்கவில்லை. நாற்பத்திரண்டு பேர் அவர் பின்னால் உச்சி வெயிலில் நடந்தார்கள். வழியில் ஒரு கடைக்காரர், “அந்தோனியார் கோயிலுக்கா? அந்தப் பக்கங்க” என்று தாமாகவே கூவினார். லோரன்ஸ் அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பினார்.

அரை மணி நேரத்துக்குப் பின்னர் மூக்குதான் முதலில் அடையாளம் கண்டது. இறப்பர் வாடை! திறந்த பெரிய வாயிலுக்கு அப்பால் மலைபோல் பொதிகள்.

“ஐயோ, இங்க பாருங்க!” தெரேசம்மா உள்ளே ஓடினார். அவர் தோட்டத் தொழிற்சாலையில் பொதி கட்டுபவர். “இது நான் அடிச்ச மார்க்! மூணாவது எழுத்துக்குக் கால் இல்ல பாருங்க. அச்சுத் தகரம் ஒடஞ்சுபோச்சுன்னு நாலு வருசமாக் கத்துறேன், எவனாச்சும் மாத்தித் தந்தானா?”

அவ்வளவுதான். பேராலயத்தில் பத்து நிமிடத்தில் கால் கடுத்தவர்கள் எல்லாரும் உள்ளே புகுந்தார்கள். பொதிகளைத் தட்டினார்கள், முகர்ந்தார்கள், தத்தம் கைவேலையைத் தேடினார்கள். மருதாயி ஒரு பொதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாற்பது மைல் பயணம் செய்து, விட்டுவந்த வேலையையே தரிசித்த யாத்திரிகர்கள் அன்று கொழும்பில் வேறெவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

போர்நிறுத்தம் கையெழுத்தாகி ஓராண்டு ஆகியிருந்தது. அச்செய்தி அந்த வாயிற்காவலருக்கு இன்னும் தபாலில் வந்துகொண்டிருந்தது போலும். தமிழ்க் கூட்டத்தைக் கண்டதும் அவர் விசிலை ஊதினார். காவல் அதிகாரி ஒருவர் ஓடிவந்து, யார் தலைவர் என்று சிங்களத்தில் வினவினார். எல்லா விரல்களும் ஒரே திசையைக் காட்டின. அந்த ஒரு கணம் லோரன்ஸுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதிகாரி அவருடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவு சனத்தையும் கூட்டிக்கிட்டு நேரா இங்க வந்திருக்கே. வழி யார் சொன்னது?”

உதவி செய்யும் ஆவலில் மருதாயி முந்திக்கொண்டார். சிங்களம் அவர் நாவில் தேனாக ஓடும், ‘ஐயா’வுக்கு ‘மாத்தயா’ என்பது உட்பட. “அவருக்கு யாரு மாத்தயா வழி சொல்லணும்? கொழும்பு அவருக்குத் தண்ணி பட்ட பாடு! மாசந் தவறாம வந்து போறவரு. இருவத்திரண்டு வருசமா!”

அதிகாரி குறிப்புப் புத்தகத்தை விரித்தார். “அப்படியா? மாசா மாசம் எதுக்கு வந்தே? எங்க தங்கினே? யாரச் சந்திச்சே?”

லோரன்ஸ் மனத்துக்குள் கணக்குப் போட்டார். ‘வந்தேன்’ என்றால் எங்கே, எவரிடம் என்று சொல்லியாக வேண்டும். சொல்ல ஓரிடமும் இல்லை. ‘வரவில்லை’ என்றால் தோட்டத்தில் இனித் தேநீர் கடைசியாகத்தான் வரும். சிங்களம் புரியாத ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லையே என்று, சிங்களவர் நிறைந்த சப்ரகமுவவில் பிறந்ததற்காக அவர் முதன்முறையாக வருந்தினார்.

தெரேசம்மா அவர் காதருகே வந்தார்.

“அவிசாவளை பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லிருங்க. கடைப் பேரும் ஊரும் மஸ்கட் பெட்டி மேலயே அச்சடிச்சிருக்கு. இருவத்திரண்டு வருசமா வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

லோரன்ஸ் மனைவியைப் பார்த்தார். பிறகு, கையில் கசங்கிப்போயிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

அதிகாரி குரலை உயர்த்தினார். “காது கேக்கலையா? இதுக்கு முன்னே கொழும்புக்கு எத்தன தடவ வந்திருக்கே?”

“ஒரு தடவையும் இல்லீங்க, மாத்தயா” என்றார் லோரன்ஸ். “இன்னைக்கித்தான் மொதத் தடவ.”