இறைத்துக் கழுவிய கடல்

அக்கராயன் குளத்துத் துருசுக் கதவைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விட்ட கை இது. ஓய்வு பெற்ற பிறகு அதே கையால் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை ஆள முடியவில்லை என்று வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கடல்மீன் வளர்க்கும் யோசனை என்னுடையதுதான். மனைவி முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். சுனாமியில் தாயையும் தங்கையையும் இழந்த பிறகு கடற்கரைப் பக்கமே போனதில்லை. கடலை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அவளுடைய பயம் தெளியும் என்று நினைத்தேன். பெரிய வைத்தியர் அல்லவா நான்.

வவுனியாவில் மீன் கடைக்காரர் மூன்று வகை வடிகட்டிகளைக் காட்டினார். தொட்டி விளிம்பில் தொங்குவது, மூடிய உருளையாக வெளியே நிற்பது, தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டியாக அமைவது. முதல் இரண்டிலும் தண்ணீர் ஓடுவது சரியாகத் தெரியாது. ஆயுள் முழுக்க வாய்க்கால் பார்த்தவனுக்கு அது சரிப்படுமா? மூன்றாவதை எடுத்தேன். கீழ்த்தொட்டியில் ஓர் அறைக்குப் பஞ்சு, அடுத்ததற்கு முருகைக்கல் என்கிற பவளக்கல், கடைசியில் தண்ணீரை மேலே அனுப்பும் மோட்டர்.

"கல்லில பழுப்பா ஒண்டு பிடிக்கும் ஐயா. அதில இருக்கிற கிருமிதான் தண்ணியைச் சுத்தமாக்கிறது. கை வைக்காதேங்கோ" என்றார். ஓம் ஓம் என்று தலையாட்டினேன். கேட்காமலே தலையாட்டுவது உத்தியோகத்தில் பழகியது.

கடல்நீர் அள்ள முல்லைத்தீவுக்குத் தனியேதான் போனேன். "நீரும் வாருமன்" என்றதற்கு அவள் அடுப்பைப் பார்க்கவென்று குசினிக்குள் போய்விட்டாள். ஆனால் கடையிலிருந்து செம்மஞ்சள் மீன்கள் இரண்டு வந்த பிறகு, தொட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மாரிக்கு முன் வீட்டுக் கிணற்றை இறைத்தோம். சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்து, குளோரின் போட்டாயிற்று. வாளியில் கொஞ்சம் மிச்சம். கீழ்த்தொட்டியைப் பார்த்தால் கல்லெல்லாம் பழுப்பு வழுவழுப்பு. கை சும்மா இருக்குமா? கற்களைக் குளோரினில் ஊறவிட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து, அலசி, வெள்ளைவெளேரென்று அடுக்கினேன்.

மறுநாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

"இஞ்சருங்கோ, என்ர மீன் சாகப்போகுது!" என்று மனைவி கத்தினாள்.

கடைக்காரருக்குப் போன் எடுத்தேன். செய்ததைச் சொன்னேன். "கிணறு மாதிரி இறைச்சுப் போட்டியளோ?" என்று கேட்டார். பிறகு, கற்களை வெளியே எடுத்துவிட்டு உடனே புதுக் கடல்நீர் மாற்றச் சொன்னார்.

கலன்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பின்னால் ஏறினாள். "ஒண்டு சொன்னா இன்னொண்டு செய்வியள். எந்தத் தண்ணியை அள்ளுவியளோ தெரியாது. நானும் வாறன்."

பாதி வழியில் இருக்கும் உடையார்கட்டு வரை என்னை ஏசிக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு, கடல் நெருங்க நெருங்க, அவள் கை என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது.

கரையில் நான் கலனை முக்கப் போனேன். "அது மண் கலங்கின தண்ணி. இஞ்ச தாங்கோ" என்று பிடுங்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டாள். பயந்தது நான்தான். கலன் நிரம்பிய பிறகும் அவள் கடலைப் பார்த்தபடி நின்று அழுதாள். நான் கரையில் காத்து நின்றேன். கடைசியில் முகத்தை அந்தத் தண்ணீராலேயே கழுவிக்கொண்டு, "மீன் காத்துக்கொண்டிருக்கும், வாங்கோ" என்றாள்.

மீன்கள் பிழைத்துக்கொண்டன. கீழ்த்தொட்டிக்குக் கதவு போட்டுப் பூட்டி, திறப்பைத் தன்னிடமே வைத்திருக்கிறாள். கடல்நீர் அள்ளப் போகும்போது மட்டும் என்னையும் கூட்டிப் போகிறாள், கலன் தூக்க.