மூன்றுக்கு மேலே ஒரு குறி

விஜயபுரம் பக்கம் வந்து புருஷோத்தமன் வீடு எது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். டிராக்டர் புருஷோத்தமன் என்று சொன்னால் சின்னப்பிள்ளைகூடக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விடும். அவனுக்கென்று சொந்த டிராக்டர் கிடையாது என்பது வேறு விஷயம். யாருடைய டிராக்டரையோ யாருடைய நிலத்திலோ ஓட்டுவான். அப்பன் காலத்தில் பட்டாவாகக் கிடைத்த துண்டு நிலத்தில் வேர்க்கடலை போட்டுக்கொள்வான். நல்ல வாய்க்காரன். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பான், அதற்குள் நாலு பேரைக் கிண்டல் பண்ணியிருப்பான். அப்பேர்ப்பட்டவனுக்குப் போன மழைக்காலத்தோடு வாய் அடைத்துப்போயிற்று.

அவன் மனைவி தேன்மொழி ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தாள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கொண்டுவந்து விடுவதற்குள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். களைத்து வருகிறவள் பானையைத் துழாவிக்கொண்டிருப்பது அவனுக்குப் பொறுக்காது. தனக்கும் பெண்கள் இரண்டு பேருக்கும் சோறு போடும்போதே அவளுக்கும் ஒரு தட்டில் போட்டு, இன்னொரு தட்டால் மூடிவைப்பான். பெண்டாட்டிக்குச் சோறு போட்டு வைக்கிற ஆம்பளை என்று ஊர் சிரித்தது. அவனும் கூடவே சிரித்தான்.

காய்ச்சல் என்றுதான் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது பிணவண்டியில்.

காரியம் முடிந்த மறுநாளும் அவன் கை நாலு தட்டை எடுத்தது. பழக்கதோஷம் என்று முதலில் நினைத்தான். பிறகு தெரிந்தேதான் எடுத்தான். விடிந்ததும் அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துத் தானே குடித்துவிட்டு வேலைக்குப் போவான். இது வெளியில் யாருக்கும் தெரியாது. பெண்களும் ஏன் என்று கேட்கவில்லை. சின்னவள் சந்தியா அங்கன்வாடிக்குப் போகிற வயசு, அவளுக்கு என்ன தெரியும். பெரியவள் ஹரிப்ரியா நாலாவது படிக்கிறாள். அம்மாவை எடுத்துக்கொண்டு போனபோது அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று அதற்கும் ஒரு பேச்சு பேசினார்கள். நாக்குக்கு நரம்பா இருக்கிறது?

பள்ளிக்கூடத்துக்கு அந்த வருஷம் தேவசேனா டீச்சர் காளஹஸ்தியிலிருந்து மாற்றலாகி வந்திருந்தாள். நாலாம் வகுப்புக் கணக்கில் லைன் பிளாட் என்று ஒன்று வருகிறது. ஒரு கோடு கிழித்து அதன்மேல் எண்களை வரிசையாக எழுத வேண்டும். எந்த எண் யாருக்கு வருகிறதோ, அதற்கு நேர் மேலே ஒரு பெருக்கல் குறி. ஒன்றுக்குமேல் ஒன்றாகக் குறி உயர்ந்துகொண்டே போகும். எந்தத் தூண் உயரம், எது குட்டை, எது தனியாக நிற்கிறது என்று பார்த்தாலே போதும், கணக்கு புரிந்துவிடும்.

வீட்டில் எத்தனை பேர் என்று டீச்சர் கேட்டாள். அங்கேதான் சிக்கல். ஒருத்தியின் நைனா திருப்பதி ஓட்டலில் வேலை, மாசத்துக்கொரு தரம் வருகிறவன். இன்னொருத்தியின் சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பவன். இவர்களை எண்ணலாமா கூடாதா என்று பிள்ளைகள் டீச்சரைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். கடைசியில் அவள் ஒரு வழி சொன்னாள். ராத்திரி வீட்டில் எத்தனை தட்டில் சோறு போடுகிறார்களோ, அத்தனை பேர். மறுநாள் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வந்து, ஆளுக்கொரு குறியாகக் கரும்பலகையில் போட்டார்கள்.

அந்த வாரமே பெற்றோர் கூட்டம். டீச்சர் கரும்பலகையைக் காட்டி, இதைப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று பெரியவர்களையே கேட்டாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். புருஷோத்தமன் எட்டாவது வரை படித்தவன். பார்த்ததும் விளங்கிவிட்டது. ஐந்து பேர் இருக்கிற வீடுதான் ஜாஸ்தி என்றான். டீச்சர் பாராட்டினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவனுக்குப் பழைய வாய் திரும்பியது. ஒன்பதுக்கு மேலே ஒற்றையாக நின்ற குறியைக் கைகாட்டினான். அது எதிர்வீட்டுச் சென்னம்மாவின் வீடு என்று ஊருக்கே தெரியும்.

“இந்த வூட்டுக்குச் சோறு வடிக்க டிராக்டர் தொட்டிதான் வேணும்,” என்றான்.

கூட்டம் சிரித்தது. சென்னம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல்தான், திருப்பிக் கேட்டாள்.

“என் வூட்ட காட்னியே, உன் வூடு எங்கப்பா? மூணுக்கு மேல ஒண்ணுமே காணமே.”

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷோத்தமன் கரும்பலகையைப் பார்த்தான். மூன்றுக்கு மேலே வெறுமையாக இருந்தது. ஹரிப்ரியா நாலில் போட்டிருப்பதாகவும், உறவுக்காரர் யாரோ கூட இருக்கிறார்கள் என்று தான் நினைத்துக்கொண்டதாகவும் டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பிள்ளைகள் வரிசையிலிருந்து ஹரிப்ரியா எழுந்து நின்றாள்.

“டீச்சர் தட்ட எண்ணச் சொன்னாங்க. எங்க வூட்ல நாலு தட்டு.”

எல்லார் கண்ணும் அவன்மேல். பாவம், செத்தவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறான் என்று அந்தக் கண்கள் பேசிக்கொண்டதாக அவனுக்குப் பட்டது. நாலு சரிதான் என்று சொல்லியிருக்கலாம். மகள் சரியாகத்தான் எண்ணியிருந்தாள். ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தேன்மொழியை விட்டுக்கொடுக்க அவனுக்கு அந்த வெட்கம் போதுமானதாக இருந்தது.

“மூணுதாம்மா. அழிச்சிட்டு மூணுல போடு.”

“தட்டு?”

“இனிமே மூணு தட்டுதான்.”

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், விடுங்கள் என்று டீச்சர் தடுத்தாள். அவன் கேட்கவில்லை. ஹரிப்ரியா கரும்பலகைக்குப் போனாள். எதை அழித்தாலும் கணக்கு ஒன்றுதான், மேலே இருப்பதை அழித்தால் போதும் என்றாள் டீச்சர். ஹரிப்ரியா தலையாட்டி மறுத்தாள். எல்லாக் குறியும் ஒரே மாதிரிதான் இருந்தன, ஆனாலும் தான் போட்டது எதுவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாலாம் தூணின் நடுவிலிருந்த ஒன்றை உள்ளங்கையால் தேய்த்தாள். மேலும் கீழும் குறிகள் இருக்க, அந்த இடம் ஓட்டையாகத் தெரிந்தது. பிறகு மூன்றுக்கு மேலே ஒன்று போட்டாள். அது துணையில்லாமல் நின்றது.

கூட்டம் முடிந்து இரண்டு பேரும் ரோட்டோரமாக நடந்தார்கள். சந்தியாவை அங்கன்வாடியிலிருந்து அழைத்துக்கொண்டு போக வேண்டும். பாதி வழியில் ஹரிப்ரியா நின்றுவிட்டாள். உள்ளங்கையில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. பாவாடையில்கூட அவள் அதைத் துடைத்திருக்கவில்லை.

“அம்மாவ நானே அழிச்சிட்டனா, நைனா?”

கேட்டதும் அவளுக்கு அழுகை வெடித்தது. சாவு வீட்டில் அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. மூச்சுவிடாமல் அழுதாள். புருஷோத்தமன் அவளுக்கு முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்தான். அவள் கையைத் துடைத்துவிடப் போனான். அவள் விரல்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“நீ இல்லம்மா. நான்தான்,” என்றான்.

நகரி போகிற பஸ் பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. ஏறுகிறவர்கள் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது.