ரெண்டு நிமிஷம் ஆறட்டும்

இதைச் சொல்லும்போது என் கணவரே இன்னும் வேறு பக்கம் பார்க்கிறார். அதனால் நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நேரத்தைக்கூட அன்றைக்கே எழுதிவைத்தேன். 2006, நவம்பர் 9, வியாழக்கிழமை. மாலை 6.42.

டெட்ராய்ட்டுக்கு வடக்கே, வுட்வர்ட் சாலையிலிருந்து மூன்று தெரு தள்ளி அப்பாவின் வீடு. அப்பா லெனார்ட், கார் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கதவு மாட்டியவர். அவரிடம் 1969ஆம் வருடத்து கேமரோ ஒன்று, அசல் அமெரிக்கக் கார், இருந்தது. எட்டு சிலிண்டர். கிளப்பினால் சமையலறைத் தட்டுகள் அதிரும்.

தம்பி நோலன் ஒரு பழைய நிஸானை, ஜப்பான் காரை வாங்கி, அதில் வேகம் கூட்டும் டர்போ பொருத்தி, சம்பளத்தையெல்லாம் அதற்கே கொட்டினான்.

அப்பா வேலை பார்த்த இடத்தில் ஒரு பலகை உண்டு. வெளிநாட்டு வண்டிகளுக்கு இங்கே இடமில்லை. எங்கள் வீட்டில் பலகை இல்லை, சட்டம் மட்டும் இருந்தது. மூன்று வருடம் நோலன் எதிர்ப்பக்கத் தெருவோரம்தான் வண்டியை நிறுத்தினான்.

"உன் தையல் மெஷின எங்கடா விட்ட?" நோலனின் வண்டிக்கு அப்பா வைத்த பெயர் அது.

"தெருவுலதான். உங்க வண்டி திரும்ப எடம் வேணும்ல? அதுக்கு நேராப் போக மட்டும்தானே தெரியும்."

"எட்டு சிலிண்டர் பேசறப்ப நாலு சிலிண்டர் வாயத் தெறக்கக் கூடாது."

"போன சனிக்கிழமை உங்க ஃப்ரெண்டு கேரி என் பின்னாடி லைட்டையே பாத்துக்கிட்டு வந்தாரு. அவர்கிட்ட கேளுங்க, எத்தன சிலிண்டர்னு."

டர்போ வண்டியை ஓடி வந்த சூட்டில் சட்டென்று அணைக்கக் கூடாதாம். நோலன் அதற்கென்று ஒரு சின்னக் கருவி மாட்டியிருந்தான். சாவியை எடுத்துக்கொண்டு அவன் இறங்கி வந்த பிறகும், இரண்டு நிமிடம் எஞ்சின் தானாக ஓடி, தானாக அடங்கும். அப்பா ஜன்னல் வழியே பார்த்துச் சிரிப்பார்.

"ஆளு எறங்கிட்டான், வண்டி தனியா ஓடுது. பேய்க்கா ஓட்டக் கத்துக் குடுக்கற?"

நானும் சிரித்தேன். யார் பக்கமும் சேரவில்லை. அதை நடுநிலை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அது வெறும் சோம்பல். ஒரு டிசம்பரில் கிண்டல் முற்றி, "அந்த வண்டி இருக்கறவரைக்கும் நீயும் வெளியதான்" என்று அப்பா சொன்னபோது நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீரைக்கூட நிறுத்தவில்லை. நோலன் அதன்பின் வரவில்லை.

பதினோரு மாதம் கழித்து, 2004 நவம்பர் 9 அன்று, மேம்பாலத்தில் உறைந்துகிடந்த பனியில் அவன் வண்டி வழுக்கி ஒரு லாரிக்கு அடியில் போனது. 6.05. போலீஸ் அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. உயிர் அங்கேயே போய்விட்டது. அவன் செல்போன்கூடத் தூளாகிவிட்டது.

அன்று அப்பாவின் மேஜைமேல் இரண்டு பீட்சா பெட்டிகள் பிரிக்காமல் ஆறிக்கிடந்தன. தனியாக இருப்பவருக்கு ஏன் இரண்டு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருட நினைவு நாளுக்கு நான் போகவில்லை. அதற்கடுத்த வருடம் அப்பாவே கூப்பிட்டார்.

"இந்த வருஷம் நீ வந்தே ஆகணும், மார்லா. ஆறரைக்குள்ள."

6.20க்குப் போய்ச் சேர்ந்தேன். பனி தூறிக்கொண்டிருந்தது.

முதலில் கண்ணில் பட்டது கேமரோ. தெருவில் நின்றது. எதிர்ப்பக்கம்... நோலன் நிறுத்தும் அதே இடத்தில்.

எங்கள் ஊரில் குளிர்காலம் வந்தால் சாலையில் உப்பு கொட்டுவார்கள். உப்பு இரும்பைத் தின்றுவிடும். அக்டோபர் முடிந்தால் அப்பா கேமரோவைக் கராஜை விட்டு வெளியே எடுக்கவே மாட்டார். இப்போது அதன் கதவுக்குக் கீழே கைவிட்டுப் பார்த்தேன். துரு உதிர்ந்து கையோடு வந்தது. ஒரு நாள் துரு இல்லை அது.

அப்பா சமையலறையில் கோட்டு போட்டபடி உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் இரண்டு பீட்சா பெட்டிகள். மூன்று தட்டுகள்.

"கேமரோ ஏம்ப்பா வெளிய நிக்குது?"

"எடம் வேணும்ல."

"யாருக்கு?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னிக்கி நாந்தான் போன் பண்ணேன். ராத்திரி பனி கொட்டும்னாங்க. ஒன் வண்டியக் கொண்டாந்து உள்ள விடுடா, என்னுத நான் வெளிய எடுத்துக்கறேன்னு சொன்னேன். நிஜமாவான்னு ரெண்டு தரம் கேட்டான். சின்னப் புள்ள மாதிரி."

இரண்டு வருடமாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார். அவன் அவருக்காகத்தான் அந்தப் பாலத்தில் வந்திருக்கிறான்.

"அவன் இன்னும் வந்து சேரல, மார்லா. கராஜ் வரைக்கும் வரான். உள்ள வர மாட்டேங்கறான். வெளியதான்னு நான் சொன்னேன்ல."

"அப்பா..."

"போன வருஷம் நான் கூப்புட்டேன். வரல. நீ கூப்புடணும்."

மணி 6.42.

தூரத்தில் மெல்லிய விசில் சத்தம். அதன்பின் ஒரு பெருமூச்சு. பிஸ்ஸ்...

டர்போ வண்டி வேகம் குறைக்கும்போது விடும் சத்தம். எனக்குத் தெரியும். அந்தத் தெருவுக்கே தெரியும்.

ஜன்னலுக்கு ஓடினேன். தெருவில் புதிதாக ஒரு வண்டியும் இல்லை. வாசல் பனியில் என் காலடித் தடம் மட்டும்.

ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம். கராஜுக்குள்.

"போ," என்றார் அப்பா. "ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

சமையலறையிலிருந்து கராஜுக்குப் போகும் கதவைத் திறந்தேன். இருட்டு. ஸ்விட்சைத் தட்டினேன்.

காலி.

பெருக்கித் துடைத்த தரை. பெரிய கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. தரையில் ஈரமான சக்கரத் தடம் இரண்டு. உள்ளே வந்திருந்தன. வெளியே போகவில்லை.

சத்தம் மட்டும் நடுவில் நின்று துடித்தது...

முகத்தில் சூடு அடித்தது. குளிரில் நடுங்க வேண்டிய இடத்தில்.

பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. அன்று தண்ணீர்க் குழாயை நிறுத்தாத என் கை.

வாயைத் திறந்தேன்.

"நோலன்?"

பதில் இல்லை.

எஞ்சின் மெதுவாக இறங்கியது... அடங்கியது.

6.44.

டிக்... டிக்... சூடான இரும்பு ஆறும் சத்தம்.

ஏதோ ஒன்று என் தோளை ஒட்டிக் கடந்தது. குளிர் இல்லை. வெதுவெதுப்பு.

நான் திரும்பினேன்.

அப்பா பீட்சா பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டை எடுத்து மூன்றாவது தட்டில் வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. துடைக்கவில்லை.

"தேங்க்ஸ்ம்மா," என்றார். என்னைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு அந்தக் கராஜில் ஒரு சத்தமும் இல்லை. மறுநாளே கேமரோவை உள்ளே எடுத்து நிறுத்தினார். பிப்ரவரியில், தூக்கத்திலேயே இறந்துபோனார்.

வீட்டைக் காலி செய்யும்போது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய டெலிபோன் மெஷின் இருந்தது. ஆள் இல்லாதபோது வரும் செய்தியைப் பதிந்துவைக்கும் மெஷின். அழுத்தி அழுத்தி அதன் பொத்தானில் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது. ஒரே ஒரு செய்தி. அழுத்தினேன்.

முதலில் மெஷின் நாளும் நேரமும் சொன்னது. 2004 நவம்பர் 9, செவ்வாய், மாலை 6.42.

அப்பா அப்போது பீட்சா வாங்கப் போயிருந்திருப்பார். நோலன் இறந்து முப்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. மெஷினின் கடிகாரத்தை என் கைக்கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட வித்தியாசமில்லை.

"அப்பா, வண்டிய உள்ள விட்டுட்டேன்." நோலன்தான். சிரிப்பு அடங்காத குரல். "ரெண்டு நிமிஷம் ஆறட்டும். வரேன்."

பிறகு எஞ்சின் சத்தம் மட்டும். நான்கு சுவருக்குள் எதிரொலிக்கும் சத்தம்.

ஒரு கதவு திறந்தது. ஸ்விட்ச் தட்டும் ஓசை.

பிறகு, ஒரு பெண் நடுங்கிக் கூப்பிட்டாள்.

"நோலன்?"

என் குரல்.

அந்த நேரத்தில் நான் அறுபது மைல் தள்ளி என் வீட்டில் இருந்தேன். நான் கூப்பிட்டது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அப்பா அந்த இரண்டு வருடமும் இதைக் கேட்டுக்கொண்டே, என்னை எப்போது அழைப்பது என்று தயங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று கராஜில் எனக்குப் பதில் கேட்கவில்லை என்றேன் அல்லவா. டேப்பில் இருக்கிறது. எஞ்சின் அடங்கும் முன்னால், மைக்குக்கு மிக அருகே...

"இதோ வரேன், மார்லா."